விமான நிலையங்களில் சூரிய மின்சாரமும் பேட்டரி சேமிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"முழுக்கப் பசுமை மின்சாரத்தில் இயங்கும் விமான நிலையம்" என்ற அறிவிப்பு இப்போது உலகின் பல மூலைகளிலிருந்து வருகிறது. படிப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான்: இரவில் என்ன செய்கிறார்கள், மேகமூட்டமான நாளில் என்ன செய்கிறார்கள், மின்தடை வந்தால் என்ன ஆகும். ஓராண்டில் எத்தனை யூனிட் பசுமை மின்சாரம் தயாரித்தோம் என்பது ஒரு கணக்கு. வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோன அந்த நேரத்தில் ஓடுபாதை விளக்கு எரிந்ததா என்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் பல விமான நிலையங்கள் தேறிவிட்டன. இரண்டாவது கணக்கைப் பற்றி அறிவிப்புகள் அதிகம் பேசுவதில்லை. என் அக்கறையெல்லாம் அதில்தான் என்பதால், கீழுள்ள பதில்களில் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் மின்சாரம் எங்கே செலவாகிறது?

பெரும்பங்கு குளிரூட்டலுக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. குளிர்நாடுகளில் சூடாக்குவதற்கும் கணிசமாகச் செலவாகிறது. உயரமான கண்ணாடிக் கூடங்கள், ஓயாமல் திறந்து மூடும் கதவுகள், இரவு பகல் பாராமல் வந்துபோகும் கூட்டம் எல்லாம் சேர்ந்து அந்தச் செலவை ஏற்றிவிடுகின்றன. அடுத்து விளக்குகள், பெட்டிகளைச் சுமக்கும் பட்டைகள், எக்ஸ்ரே கருவிகள், நகரும் படிக்கட்டுகள், கடைகள், கணினி அறைகள். விமானம் பத்திரமாக இறங்குவதற்கு உண்மையிலேயே தேவையான ஓடுபாதை விளக்குகள், வழிகாட்டும் கருவிகள், ரேடார், கட்டுப்பாட்டுக் கோபுரம் ஆகியவை மொத்தத்தில் சிறு பங்கையே எடுத்துக்கொள்கின்றன. இந்தச் சிறு பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக் கணக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

சூரிய மின்சாரத்துக்கு விமான நிலையம் ஏற்ற இடம் என்கிறார்களே, ஏன்?

பரந்த நிலம் இருக்கிறது. ஓடுபாதையை ஒட்டிய நிலத்தில் உயரமாக எதையும் கட்ட முடியாது, மரம் வளர்க்க முடியாது. அதனால் நிழலே விழாத வெளி கிடைக்கிறது. முனையங்களுக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் தட்டையான பெரிய கூரைகள் இருக்கின்றன. வாகன நிறுத்துமிடத்தில் பந்தல்போல் பேனல் போட்டால் வண்டிகளுக்கு நிழலும் கிடைக்கிறது. வெப்ப நாடுகளில் குளிரூட்டும் தேவை உச்சத்தில் இருக்கும் நண்பகலில்தான் பேனல்களும் அதிகம் தருகின்றன என்பது இன்னொரு வசதி.

ரோம் நகரின் ஃபியூமிசினோ விமான நிலையம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2025ஆம் ஆண்டு தொடங்கிய 22 மெகாவாட் சூரிய மின்நிலையம், ஓடுபாதை ஒன்றின் ஓரமாக ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது.

முழுக்கச் சூரிய சக்தியில் இயங்குகிறது என்றால், இரவில் எப்படி?

இதற்குக் கொச்சி பன்னாட்டு விமான நிலையத்தை விட்டால் வேறு நல்ல பாடம் கிடையாது. 2013இல் அங்கே முனையக் கூரையில் 100 கிலோவாட் அளவில் சிறியதாக ஆரம்பித்தார்கள். பிறகு 1 மெகாவாட் சேர்த்தார்கள். 2015 ஆகஸ்ட் 18 அன்று, சரக்கு வளாகத்தின் அருகே சுமார் 45 ஏக்கரில் 46,150 பேனல்கள் கொண்ட 12 மெகாவாட் மின்நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாளில் விமான நிலையம் செலவழிக்கும் ஏறக்குறைய 50,000 யூனிட்டை அந்தப் பேனல்கள் ஈடுகட்டிவிட்டன. உலகிலேயே முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் முதல் விமான நிலையம் என்ற பெயர் கொச்சிக்குக் கிடைத்தது. 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் 'பூமியின் சாம்பியன்' விருதும் கிடைத்தது. பேனல் வரிசைகளுக்கு இடையே காய்கறியும் பயிரிட்டார்கள். பேனல் கழுவும் தண்ணீர் செடிகளுக்குப் போனது, செடிகள் களையை அடக்கின.

ஆனால் இந்த 12 மெகாவாட்டுக்குப் பின்னால் பேட்டரி கிடையாது. பகலில் மிஞ்சும் மின்சாரம் மாநில மின்தொகுப்புக்குப் போகிறது, இரவில் அதே அளவு திரும்பி வருகிறது. வங்கியில் பணம் போட்டு எடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மாதக் கடைசியில் போட்டதும் எடுத்ததும் சரியாக இருந்தால் கணக்கு நேராகிவிடும். நள்ளிரவில் தரையிறங்கும் விமானத்துக்கு ஒளி காட்டும் மின்சாரம் அந்த நேரத்தில் எங்கோ ஓர் அணையிலிருந்தோ அனல் மின்நிலையத்திலிருந்தோதான் வருகிறது.

அப்படியானால் அந்தப் பெயர் பொய்யா?

இல்லை. கொச்சியின் பேனல்கள் தயாரிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உண்மையான மின்சாரம். பகலில் அந்த அளவுக்கு வேறு எங்கோ எரிபொருள் மிச்சமாகிறது. அறிவிப்பு எந்தக் கணக்கில் சொல்லப்படுகிறது என்பது தெரிந்தால் போதும்.

பசுமை என்ற பெயரைப் பெறுவதற்கு வேறு வழிகளும் உண்டு. டெல்லி விமான நிலையம் 2022 ஜூன் முதல் முழுக்க நீர் மின்சாரத்திலும் சூரிய மின்சாரத்திலும் இயங்குவதாக அறிவித்தது. அதில் சுமார் 6 சதவீதம்தான் சொந்த வளாகத்துப் பேனல்கள் தருவது. மீதி 94 சதவீதம் இமாச்சலப் பிரதேசத்து நீர்மின் நிறுவனத்துடன் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தத்தின் மூலம் வாங்குவது. நிலம் குறைவாகவும் தேவை அதிகமாகவும் உள்ள பெரிய விமான நிலையங்களுக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்த வழி. இருந்தாலும் மலையில் உற்பத்தியாகும் மின்சாரம், இடையில் உள்ள கம்பி அறுந்தால் வந்து சேராது.

மின்தடை வந்தால் பேனல்கள் இருந்தும் இருட்டாகிவிடும் என்கிறார்களே?

ஆம். நண்பகல் வெயில் கொளுத்தினாலும் அப்படித்தான். பேனலின் நேர்மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மாறுமின்சாரமாக மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், மின்தொகுப்பில் ஓடும் மாறுமின்சாரத்தின் அலையைப் பின்பற்றி ஓடுவது. பின்பற்ற அலை இல்லையென்றால் உடனே நின்றுவிடும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், ஏனென்றால் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. பேனல்கள் தடையின்போதும் ஓட வேண்டுமானால், வளாகத்தை வெளித்தொகுப்பிலிருந்து துண்டிக்கும் சுவிட்சும், தானே அலையை உருவாக்கித் தாங்கக்கூடிய இன்வெர்ட்டரும், அதற்குப் பின்னால் பேட்டரியும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த அமைப்பைத்தான் மைக்ரோகிரிட் என்கிறார்கள்.

மின்சாரம் நின்ற அந்த நொடியில் விமான நிலையத்தில் என்ன நடக்கிறது?

கோபுரத்தில் இருப்பவரின் திரைகள் அணைவதில்லை. அவற்றுக்குக் கீழே யுபிஎஸ் இருக்கிறது. தொடர்பு வானொலி, ரேடார் தரவு, வழிகாட்டும் கருவிகள் எல்லாம் அதே நிலைதான். முனையத்தில் விளக்குகள் ஒருமுறை அணைந்து, அவசர விளக்குகள் மட்டும் எரிகின்றன. பெட்டிப் பட்டைகள் நிற்கின்றன. கீழே மின் அறையில் மின்னழுத்தம் விழுந்ததைக் கவனித்த ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் டீசல் ஜெனரேட்டருக்கு ஆணை கொடுக்கிறது. எஞ்சின் சுழன்று வேகம் பிடித்து, மின்னழுத்தம் நிலைத்த பிறகு சுவிட்ச் மாறுகிறது. இதற்கெல்லாம் சில நொடிகள் வேண்டும்.

அந்தச் சில நொடிகளுக்குப் பன்னாட்டு விதி இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, தன் 14ஆம் இணைப்பில் எந்த விளக்கு எத்தனை நொடிக்குள் மீண்டும் எரிய வேண்டும் என்று பட்டியலிட்டிருக்கிறது. சாதாரண வானிலையில் பயன்படும் பெரும்பாலான விளக்குகளுக்கு 15 நொடி. அடர்ந்த மூடுபனியில் கருவிகளை நம்பி இறங்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குக்கும் தரைதொடும் பகுதி விளக்குக்கும் 1 நொடி. டீசல் எஞ்சின் எதுவும் நின்ற நிலையிலிருந்து 1 நொடியில் மின்சாரம் தராது. அதனால் பல விமான நிலையங்கள், மூடுபனி சூழும் என்று தெரிந்ததுமே ஜெனரேட்டரை ஓட்டி விளக்குகளை அதில் இணைத்துவிட்டு, வெளி மின்சாரத்தை மாற்றாக வைத்துக்கொள்கின்றன. மின்தடையே இல்லாத இரவிலும் டீசல் எரிகிறது. பேட்டரிக்கு இந்தத் தயக்கம் கிடையாது. ஏற்ற சுவிட்சும் இன்வெர்ட்டரும் இருந்தால், விளக்கு மங்குவதற்கு முன்பே அது சுமையை ஏற்றுக்கொள்ளும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் ஹீத்ரோ ஏன் ஒரு நாள் முழுவதும் மூடப்பட்டது?

2025 மார்ச் 20 இரவு, லண்டன் ஹீத்ரோவுக்கு மின்சாரம் தரும் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் ஒரு மின்மாற்றி தீப்பிடித்தது. மறுநாள் விமான நிலையம் மாலைவரை மூடப்பட்டிருந்தது. 1,300க்கும் மேற்பட்ட விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. நடுவானில் வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளுக்குத் திருப்பப்பட்டன.

ஹீத்ரோவில் ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் இருந்தன, அவை வேலையும் செய்தன. பறந்துகொண்டிருக்கும் விமானங்களைப் பத்திரமாக இறக்கவும் ஆட்களை வெளியேற்றவும் போதுமான அளவுக்கே அவை அமைக்கப்பட்டிருந்தன. முழு விமான நிலையத்தையும் நடத்துவது அவற்றின் வேலை அல்ல. வெளியிலிருந்து மின்சாரம் வரும் இணைப்புகள் மூன்று. மற்ற இரண்டிலும் மின்சாரம் இருந்தது. ஆனால் வளாகத்தின் உள் வலையமைப்பை மாற்றியமைத்து, அந்த இரண்டிலிருந்து மின்சாரத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு கருவியையும் மறுபடி இயக்கிச் சரிபார்க்கப் பல மணி நேரம் ஆனது. பிரிட்டனின் மின்தொகுப்பு இயக்க அமைப்பு அந்த ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அந்த மின்மாற்றியின் பழுதான பாகத்தில் ஈரம் ஏறியிருப்பது 2018 ஜூலையிலேயே எண்ணெய்ப் பரிசோதனையில் தெரிந்திருந்தும், அது சரிசெய்யப்படாமலே இருந்திருக்கிறது.

இதற்கு முன் 2017 டிசம்பர் 17 அன்று அட்லாண்டா விமான நிலையத்தில் நடந்தது இன்னும் கொடுமை. நிலத்தடி மின் அறை ஒன்றில் தீப்பிடித்தது. முதன்மை இணைப்பும் அதற்கு மாற்றான இணைப்பும் பக்கத்தில் பக்கத்தில் போயிருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின. ஏறக்குறைய 11 மணி நேரம் முனையங்கள் இருளில் கிடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானச் சேவைகள் ரத்தாயின.

இந்த இரண்டு நிகழ்வையும் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இங்கே பற்றாக்குறை மெகாவாட்டில் இல்லை. மின்சாரம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் எல்லாம் ஒன்றுசேர்கிறது, ஒரு வழி அடைந்தால் மறுவழி எத்தனை நிமிடத்தில் திறக்கும் என்பதில் இருக்கிறது. வளாகத்தின் ஒரே மூலையில் மாபெரும் பேட்டரி ஒன்றை நிறுத்தி, அதையும் அதே நிலத்தடிச் சுரங்கம் வழியாக இணைத்தால், அட்லாண்டாவில் அதுவும் சேர்ந்துதான் எரிந்திருக்கும்.

பேட்டரியின் அளவை எப்படிப் புரிந்துகொள்வது? மெகாவாட், மெகாவாட் மணி என்று இரண்டு எண் சொல்கிறார்களே?

மெகாவாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தூக்கும் என்பது. மெகாவாட் மணி என்பது எவ்வளவு நேரம் தூக்கும் என்பதையும் சேர்த்த அளவு. 1 மெகாவாட் மணி என்றால் 1,000 யூனிட். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் அறிவிப்பு பாதி விவரத்தையே தருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர விமான நிலையம் ஒன்றில் 4 மெகாவாட் மணி பேட்டரியும் 2 மெகாவாட் பேனல்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரிச் சுமை 1 மெகாவாட். பேட்டரியை அடிவரை வறட்டக் கூடாது, இன்வெர்ட்டரிலும் சிறிது இழப்பு உண்டு. ஆகவே கையில் கிடைப்பது சுமார் 3.5 மெகாவாட் மணி. இரவில் மின்தடை வந்தால் மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் பேனல்கள் சுமார் 8 மெகாவாட் மணி தரும், நாள் தேவையோ 24. பற்றவே பற்றாது.

இப்போது தடை வந்தவுடன் முனையத்தின் பெரிய குளிரூட்டிகள், கடைகள், அலங்கார விளக்குகள் தானாகவே துண்டிக்கப்பட்டு, சுமை 300 கிலோவாட்டாகக் குறைகிறது என்று வையுங்கள். நாள் தேவை 7.2 மெகாவாட் மணி. அதே பேட்டரி இரவில் ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். விடிந்ததும் பேனல்கள் அதை மறுபடி நிரப்பத் தொடங்கும். நாள்தோறும் வெயில் அடித்துக்கொண்டிருந்தால் இது நாள்கணக்கில் ஓடலாம். பேட்டரியைப் பெரிதாக்காமலே தாங்கும் நேரம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. எதை அணைப்பது என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி, அதற்கேற்ப மின் இணைப்புகளைப் பிரித்து வைத்ததால் கிடைத்த பலன் இது.

பேனலும் பேட்டரியும் மட்டும் வைத்து மின்தடையைத் தாண்டிய விமான நிலையம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் வடபகுதியில், ஹம்போல்ட் மாவட்டத்தில் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் பாதைகள் காட்டையும் மலையையும் கடந்து வருபவை. காட்டுத்தீக்கும் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் எளிதில் இலக்காகக்கூடியவை. அங்கே 2022இல் 2.2 மெகாவாட் சூரியப் பலகைகளும் ஏறக்குறைய 9 மெகாவாட் மணி பேட்டரியும் கொண்ட மைக்ரோகிரிட் இயங்கத் தொடங்கியது. விமான நிலையத்தோடு பக்கத்திலுள்ள கடலோரக் காவல்படையின் வான்தளமும் அதில் சேர்ந்திருக்கிறது. கடலில் சிக்கியவர்களை மீட்கப் போகும் ஹெலிகாப்டர்கள் கிளம்புவது அந்தத் தளத்திலிருந்துதான்.

அந்த ஆண்டு டிசம்பர் 20 அதிகாலை இரண்டரை மணிக்கு 6.4 அளவு நிலநடுக்கம் அந்த மாவட்டத்தை உலுக்கியது. பல்லாயிரம் வீடுகள் இருளில் மூழ்கின. வானில் சூரியன் இல்லாத நேரம், அதுவும் ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய வாரம். பேட்டரி சுமையை எடுத்துக்கொண்டது. விமான நிலையத்திலும் காவல்படைத் தளத்திலும் மின்சாரம் இருந்தது.

அளவில் இது சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹீத்ரோவை இப்படி நடத்த முடியாது. இருந்தாலும் பேரிடரில் மருந்தும் மீட்புக் குழுவும் முதலில் வந்து இறங்குவது இத்தகைய சிறு விமான நிலையங்களில்தான் என்பதால், என் மனத்தில் இந்தத் திட்டத்துக்குத் தனி இடம் உண்டு.

இதற்கு எதிர்முனையில் பிட்ஸ்பர்க் இருக்கிறது. 2021 முதல் முழு விமான நிலையமும் சொந்த மைக்ரோகிரிட்டில் இயங்குகிறது. வெளித்தொகுப்பு அங்கே வெறும் மாற்று ஏற்பாடு. ஆனால் முக்கிய உழைப்பு ஐந்து இயற்கை எரிவாயு ஜெனரேட்டர்களுடையது. 9,360 சூரியப் பலகைகள் அவற்றுக்குத் துணை. மின்தடையைத் தாங்குவதில் வலுவான அமைப்பு, பசுமையில் பாதி வழியில் நிற்கிறது.

மின்தடை இல்லாத நாள்களில் பேட்டரி சும்மா இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நாடுகளில் பெரிய நுகர்வோர், மாதத்தில் எட்டிய உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் செலுத்துகிறார்கள். அந்த உச்சத்தைப் பேட்டரி வெட்டிக் குறைக்கும். பகல் மின்சாரத்தை மாலைக்கு நகர்த்தும், மின்தொகுப்பின் அலைவெண்ணைச் சீராக வைக்க உதவிச் சம்பாதிக்கவும் செய்யும்.

ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். மாலையில் உச்சத்தை வெட்டிக் காலியான பேட்டரி, இரவு எட்டு மணி மின்தடைக்கு உதவாது. ஆகவே இவ்வளவு சதவீதத்துக்குக் கீழே எந்த வணிகத் தேவைக்கும் தொடக்கூடாது என்று ஒரு கோடு கிழித்து, அதைக் கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே பூட்டி வைக்க வேண்டும். வருமானம் குறைகிறது என்று அந்தக் கோட்டைத் தளர்த்தச் சொல்லும் குரல் நிச்சயம் எழும். விட்டுக்கொடுக்கக் கூடாது.

பேனல்களின் பிரதிபலிப்பு விமானியின் கண்ணைக் கூசச் செய்யாதா?

செய்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மான்செஸ்டர் விமான நிலையத்தில் 2012இல் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல் வைத்த பேனல்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களின் கண்ணைக் கூசச் செய்தன. ஒரு பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடி, பின்னர் பேனல்களை வேறு திசைக்குத் திருப்பினார்கள். ஆம்ஸ்டர்டாமின் சிபோல் விமான நிலையத்தில் 2025இல், அருகிலுள்ள சூரியப் பண்ணையின் ஒளிப் பிரதிபலிப்பால் போல்டர்பான் ஓடுபாதையைக் குறிப்பிட்ட நேரங்களில் மூட வேண்டியிருந்தது.

பேனல் ஒளியை உறிஞ்சுவதற்கென்றே செய்யப்பட்டது. நேராக விழும் வெயிலில் சிறு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து படும்போதுதான் கண்ணாடி மினுங்குகிறது. சூரியனின் ஆண்டு முழுப் பாதையையும் கணினியில் ஓட்டி, எந்தத் தேதியில் எந்த நிமிடத்தில் ஒளி எங்கே போகும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2021இல் தன் கொள்கையைத் திருத்தியபோது, விமானிகளுக்கு வரும் கூச்சம் நீர்நிலைகளும் கண்ணாடிக் கட்டடங்களும் தரும் கூச்சத்தை ஒத்ததே என்று சொல்லி, கோபுரத்தில் இருப்பவர்களின் கண்ணுக்கே முதன்மை கொடுத்தது. சிபோல் அனுபவத்துக்குப் பிறகு, தரையிறங்கும் பாதையையும் விட்டுவிடாமல் கணக்கிடுவதே நல்லது என்பேன். வளாகத்துக்கு வெளியே பிறர் அமைக்கும் பண்ணைகளுக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

காற்றாலை வைக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. உயரம் தடை, சுழலும் இறக்கைகள் ரேடாரைக் குழப்பும். பிரிட்டனின் ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் விமான நிலையம் 2011இல் 45 மீட்டர் உயரமுள்ள இரண்டு சிறு காற்றாலைகளை நிறுவியது, ஆனால் அது விதிவிலக்கு. காற்று மின்சாரம் வேண்டுமென்றால் தொலைவில் உள்ள பண்ணையிலிருந்து வாங்குவதே வழி.

பேட்டரி தீப்பிடித்தால்?

நியாயமான பயம். 2019 ஏப்ரலில் அரிசோனாவின் சர்ப்ரைஸ் நகரில் 2 மெகாவாட் மணி அளவுள்ள ஒரு பேட்டரி நிலையத்தில் ஒரு செல் கட்டுமீறிச் சூடாகி, பக்கத்துச் செல்களையும் இழுத்துவிட்டது. தீயணைப்பு வாயு வெளியேறியது, ஆனாலும் சூடு நிற்கவில்லை. செல்களிலிருந்து வந்த, தீப்பற்றக்கூடிய வாயு மூடிய அறைக்குள் தேங்கியது. சில மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்ததும் வெடித்தது. நால்வர் படுகாயமடைந்தனர்.

இப்போது வரும் பேட்டரிப் பெட்டகங்களில் அந்தப் பாடம் தெரிகிறது. ஆள் உள்ளே நுழையும் அறை பெரும்பாலானவற்றில் இல்லை. வெளிக் கதவைத் திறந்தால் நேராக பேட்டரி அடுக்குகள்தான் நிற்கும். அடுக்குகளின் இடையே குளிர்திரவக் குழாய்கள் ஓடுகின்றன. செல்களின் மின்னழுத்தமும் அடுக்குகளின் வெப்பமும் ஓயாமல் அளக்கப்படுகின்றன. தீப்பற்றக்கூடிய வாயுவின் வாடை பட்டதும் உணரி விசிறியைச் சுழற்றிக் காற்றை வெளியேற்றும். அதையும் மீறி அழுத்தம் ஏறினால் கூரைத் தகடு மேல்நோக்கித் திறந்து வழிவிடும். நிக்கலும் கோபால்ட்டும் கலந்த செல்களைவிட, எளிதில் கட்டுமீறாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களே நிலையான சேமிப்புக்கு இப்போது அதிகம் வாங்கப்படுகின்றன. எளிதில் என்றுதான் சொன்னேன், முடியவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

விமான நிலையத்துக்கே உரிய ஒரு கவலை புகை. பேட்டரித் தீயைப் பெரும்பாலும் எரிந்து தீரவிட்டுச் சுற்றியுள்ளவற்றைக் குளிர்விப்பார்கள். அது மணிக்கணக்கில் ஆகலாம். அந்தப் புகை ஓடுபாதையின் குறுக்கே போனால் விமான நிலையத்தையே மூட வேண்டிவரும். ஆகவே காற்று பெரும்பாலும் எத்திசையில் வீசுகிறது என்று பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எரிபொருள் கிடங்கிலிருந்தும் முனையத்திலிருந்தும் தள்ளி, விமான நிலையத் தீயணைப்பு வண்டியின் பாதையை மறிக்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

பேட்டரியைத் தவிர வேறு சேமிப்பு முறை உண்டா?

உண்டு, அதிகம் பேசப்படாத ஒன்று. செலவில் பெரும்பகுதி குளிரூட்டல் என்றால், குளிர்ச்சியையே சேமிக்கலாம். சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரைக் குளிர்வித்துப் பெரிய தொட்டியில் வைத்து, மாலையில் அதை முனையத்துக்குள் ஓடவிடலாம். தொட்டிக்குத் தீப்பிடிக்காது, பல பத்தாண்டுகள் உழைக்கும்.

ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையம் ஒரு படி மேலே போய் நிலத்தடி நீரடுக்கையே சேமிப்புக் கிடங்காக்கியது. 2009 முதல், குளிர்காலக் குளிரை நிலத்தடி நீரில் இறக்கி வைத்துக் கோடையில் முனையங்களைக் குளிர்விக்கிறது. கோடையில் சூடேறித் திரும்பும் நீர், குளிர்காலத்தில் விமான நிறுத்துமிடங்களின் பனியை உருக்கவும் காற்றை முன்கூட்டியே சூடாக்கவும் உதவுகிறது. நிலத்தின் அமைப்பு ஒத்துவர வேண்டும், எல்லா இடத்திலும் செய்ய முடியாது.

டீசல் ஜெனரேட்டர்களை எடுத்துவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தொடர்ந்து நான்கு நாள் மேகமூட்டம், அதோடு மின்தடை என்ற சூழலைப் பேட்டரியால் மட்டும் தாண்டுவதற்கு ஆகும் செலவு நியாயமாக இருக்காது. பேட்டரி இருந்தால் ஜெனரேட்டர் ஓடும் நேரம் வெகுவாகக் குறையும், அது கிளம்ப மறுத்தாலும் பழுது பார்க்க அவகாசம் கிடைக்கும். இந்த அவகாசத்தின் அருமை, குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை நடுராத்திரியில் கிளப்ப முயன்றவர்களுக்குத் தெரியும்.

இவற்றால் விமானப் பயணம் பசுமையாகிவிடுமா?

ஆகாது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் விமானத் துறையின் பங்கு சுமார் 2.5 சதவீதம். அதில் மிகப் பெரும்பகுதி வானில் எரியும் எரிபொருள். விமான நிலையக் கட்டடங்கள் அதில் மிகச் சிறு துளி.

ஆனால் தரையில் நிற்கும் விமானத்தின் விஷயத்தில் ஏதாவது செய்ய முடியும். வாயிலில் நிற்கும்போது விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் விமானத்தின் வால்பகுதியில் உள்ள சிறு எஞ்சின் ஓடுகிறது. ஒரு நடுத்தர விமானத்தில் அது மணிக்கு 100 கிலோ அளவில் எரிபொருள் குடிக்கும். வாயிலிலேயே மின் இணைப்பும் குளிர்காற்றுக் குழாயும் கொடுத்தால் அந்த எஞ்சினை அணைத்துவிடலாம். பெட்டி இழுக்கும் வண்டிகளும் பஸ்களும் மின்சாரத்துக்கு மாறுகின்றன. இவையெல்லாம் சேரும்போது மின் தேவை கூடுகிறது, அதுவும் விமானங்கள் வந்து குவியும் சில மணி நேரங்களில் திடீரென்று எகிறுகிறது. அந்த எகிறலைத் தாங்கப் புதிய கம்பி இழுப்பதற்குப் பதில் பேட்டரி வைப்பது பல இடங்களில் விரைவான வழியாக இருக்கும்.

பழைய மின்சாரக் கார் பேட்டரிகளைப் பயன்படுத்தலாமா?

ஃபியூமிசினோவில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். வெவ்வேறு கார் நிறுவனங்களின் பழைய பேட்டரிகளைச் சேர்த்து 10 மெகாவாட் மணி சேமிப்பு அமைத்திருக்கிறார்கள். காருக்குப் போதாத அளவுக்குத் திறன் குறைந்த பேட்டரி, எடையும் இடமும் பெரிய பிரச்சினையாக இல்லாத தரையில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். வெவ்வேறு வயதும் வடிவமும் கொண்டவற்றை ஒன்றாக ஓட்டுவதில்தான் வேலை அதிகம்.

சிறிய விமான நிலையம் ஒன்று எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பேனல் விற்பவரை அழைப்பதற்கு முன் ஒரு தாளும் அளவுகருவியும் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தெந்தச் சுமை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது, எது 15 நொடி பொறுக்கும், எது ஒரு மணி நேரம் பொறுக்கும், எது நாள் முழுவதும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு வாரமாவது அளந்து பார்க்க வேண்டும். கருவியின் பெயர்ப் பலகையில் இருக்கும் எண்ணும் உண்மையான சுமையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. பிறகு மின் அறையில் அந்த வரிசைப்படியே இணைப்புகளைப் பிரிக்க வேண்டும். பேனலின் அளவும் பேட்டரியின் அளவும் அதற்குப் பிறகு தானாகவே தெரிந்துவிடும்.

நிறுவி முடித்ததும் உண்மையான சோதனை வேண்டும். விமானம் எதுவும் இல்லாத இரவு ஒன்றைத் தேர்ந்து, முன்னறிவிப்புக் கொடுத்து, வெளி மின்சாரம் வரும் முதன்மைச் சுவிட்சை இறக்க வேண்டும். கோபுரத்தில் ஒருவர், மின் அறையில் ஒருவர், ஓடுபாதையின் இரு முனையிலும் ஒவ்வொருவர் நின்று, எந்த விளக்கு எத்தனை நொடியில் திரும்பியது, எந்தக் கணினி மறுபடி துவங்க மறுத்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெளி மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கும்போதும் அதே ஆட்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்ப இணையும் நேரத்தில் விழும் கருவிகளும் உண்டு.